வினா அமைத்தவர்

கடவுச்சொல்லை எப்படிச் சேமித்து வைப்பது பாதுகாப்பானது என்று தேர்வுத் திரை கேட்கிறது. நான்கு விடைகள். அப்படியே எழுதி வைப்பது, அதை முதலில் தூக்கிப் போடு. வேறு எழுத்தில் மாற்றி வைப்பது, யார் வேண்டுமானாலும் திரும்ப மாற்றிவிடலாம், அதுவும் போகட்டும். பூட்டிவிட்டுச் சாவியை அதே சர்வரில் வைப்பது, இது கொஞ்சம் ஏமாற்றும், பூட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும், கையைப் பிடி. மிஞ்சுவது நான்காவது, ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் வேறுவேறு உப்பைச் சேர்த்துத் திரும்பப் பிரிக்கவே முடியாதபடி அரைத்து வைப்பது. உப்பு என்றுதான் அதற்குப் பெயர். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் உப்பு வேறு என்பதால் அரைத்த பிறகு இரண்டும் வேறாகத் தெரியும். நான்காவதுதான். விலக்கு, விலக்கு, மிஞ்சுவதை எடு. சிறுசேரி பஸ்ஸில் நின்றுகொண்டே இப்படித்தான் ஒரு மாதமாகப் படித்தேன், ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். அடுத்தது. நாற்காலி தாழ்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் குட்டையானவராக இருந்திருக்க வேண்டும், மேசை என் நெஞ்சு வரை வந்து நிற்கிறது. கைக்கு அடியில் நெம்புகோலைத் தேடி இழுத்தால் உயரும், ஆனால் சத்தம் போடும், தேர்வறை மேற்பார்வையாளர் திரும்பிப் பார்ப்பார், என்னைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால் இவள்தானே தகவலை வெளியே விட்ட அந்தக் கசிவுக்காரி என்று நினைப்பார். நினைக்கட்டும். இழுத்தேன். புஸ் என்று உயர்ந்தது. யாரும் திரும்பவில்லை. ஏசி நேராகக் கழுத்தில் அடிக்கிறது. நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும். எழுபது எடுத்தால் பழைய இடம், பழைய வேலை. எடுக்காவிட்டால் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்து, நீங்களே ராஜினாமா பேப்பர் போட்டுடுங்க செண்பகம், அதுதான் உங்க எதிர்காலத்துக்கு நல்லது என்பாள். எதிர்காலத்தின் மேல் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை.

நாற்காலி. எல்லாம் நாற்காலியிலிருந்துதான் தொடங்கியது. என் டீம் லீட் நிர்மல்குமார் தன் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். நாற்காலியின் முதுகில் கையை வைப்பார், அந்தக் கையின் பாரம் நம் தோளுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் திரையைப் பார்ப்பார். பிறகு, நகரு. அவ்வளவுதான். எழுந்துகொள்வோம், அவர் உட்கார்ந்து டைப் செய்வார், நாங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். எங்கள் டீமில் இது வழக்கம், யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை, எனக்கும்தான் படவில்லை. நாலரை மணிக்குக் கீழே தள்ளுவண்டியில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவார், பேப்பரில் துடைத்தும் துடைக்காத விரல்கள், அவர் எழுந்துபோன பிறகு என் கீபோர்டில் சில எழுத்துகள் மட்டும் மினுங்கும். நாற்காலி சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் உட்காரப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே வேலை செய்வேன். முதல் வாரத்தில் அவரை சார் என்று கூப்பிட்டேன். இது என்ன ஸ்கூலா, பேர் சொல்லிக் கூப்பிடு, இங்க எல்லாரும் சமம் என்றார். என்னால் முடியவில்லை, சார் என்றுதான் வாயில் வந்தது. என் பெயரை அவர் சொன்னதும் இல்லை. கோவில்பட்டி என்று தெரிந்த அன்றே கடலைமிட்டாய் என்று வைத்துவிட்டார். அம்மா அங்கே கடலைமிட்டாய் கம்பெனியில்தான் பாக்கெட் போடுகிறாள் என்று நான்தான் சொன்னேன், ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தேன், பிடுங்கித் தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகு அதுவே என் பெயராயிற்று. கடலைமிட்டாய், அந்த புரோகிராம் என்னாச்சு. கடலைமிட்டாய், நகரு.

அடுத்த கேள்வி. வங்கியிலிருந்து வந்தது மாதிரி ஒரு மின்னஞ்சல், உடனே கிளிக் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்கிறது, முதலில் என்ன செய்ய வேண்டும். அழித்துவிடலாம். பதில் எழுதிக் கேட்கலாம். பக்கத்து இருக்கைக்காரருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம், இதைச் செய்கிறவர்கள் எங்கள் தளத்திலேயே இருக்கிறார்கள். பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விடை. அழித்துவிடுவது நல்ல பிள்ளை செய்கிற காரியம் மாதிரித் தெரியும், ஆனால் அழித்தால் அடுத்தவனுக்கு வருவது நிற்காது. தெரிவிக்க வேண்டும். தெரிவித்தேனே. வாயால் தெரிவித்தேன். ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கான தேடல் பக்கத்தை நான் எழுதியபோது, வாடிக்கையாளர் அடிக்கிற பெயரைக் கட்டளைக்குள் நேராக ஒட்டாமல் தனியாக வைத்துத்தான் அனுப்பியிருந்தேன். நேராக ஒட்டினால் ஒருவன் பெயருக்குப் பதில் ஒரு கட்டளையையே அடிக்கலாம், தரவுத்தளம் அதையும் கேட்டுக்கொண்டு எல்லாருடைய விவரத்தையும் கொட்டிவிடும். பாடத்தில் இது முதல் பாடம். அந்தக் கம்பெனிக்கு இயக்கிக் காட்டும் டெமோவுக்கு முந்தின நாள் தேடல் பக்கம் ஏதோ பிழை காட்டியது. நகரு என்றார். நகர்ந்தேன். நான் எழுதியதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் ஒட்டினார். சார், இது சேஃப் இல்லையே என்றேன். திரும்பாமலே சொன்னார், நாளைக்கு டெமோ ஓடணுமா, உன் பாடம் ஓடணுமா? அப்புறம் மாத்திக்கலாம். அப்புறம் என்பது எங்கள் ஊர் பஸ் மாதிரி, வரும் என்பார்கள். டெமோ ஓடியது, கை தட்டினார்கள், அவர் எழுந்து குனிந்து வணங்கினார். அதே வரி அப்படியே வெளியே போனது. அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர்களுடைய முகவரியும் போன் நம்பரும் யாரோ ஒருவன் கையில் கொட்டின. பார்த்தால் அந்த வரி என் லாகினில் இருக்கிறது. என் பெயர், என் கணினி.

விசாரணை அறையிலும் ஏசி இப்படித்தான் அடித்தது. தகவல் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ஃபரீதா மேடம் எதிரில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த நிரலை அச்சடித்த தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். நிர்மல் அவருக்குப் பக்கத்தில். பக்கத்தில், அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது, என் பக்கத்தில் அல்ல, அவருக்குப் பக்கத்தில். கட்டளை முழுதையும் ஒட்டிவைத்த அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டுமே, நிரலில் எதற்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும், அவர் பஜ்ஜி என்று வைத்திருந்தார். அடுத்ததற்கு போண்டா. அவசரத்தில் எழுதுகிற எல்லாவற்றுக்கும் அவர் அப்படித்தான் வைப்பார், யார் இடத்தில் உட்கார்ந்தாலும். என்னம்மா இது, பஜ்ஜி போண்டாவெல்லாம் வெளியே போகிற நிரலில் எழுதலாமா என்று கேட்டார் ஃபரீதா மேடம். கோபமாகக்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நிர்மல் சிரித்துக்கொண்டே சொன்னார், மேடம், அவங்க ஊரே தின்பண்ட ஊரு, அம்மா கடலைமிட்டாய் கம்பெனி, இவங்களுக்கு அதே நெனப்பு. சிரித்தார்கள். மனிதவளப் பெண் சிரித்தாள், குறிப்பெடுத்தவர் சிரித்தார், ஃபரீதா மேடமும் உதட்டோரத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துவிட்டது. அந்த வரி நான் எழுதலை மேடம், சார்தான் என் இடத்துல உட்கார்ந்து எழுதினார் என்றேன். யார் லாகின்மா என்றார். என் லாகின். அவர் எழுதினதா வேற எங்கயாவது இருக்கா, இந்த மாதிரி பேர் வெச்சு? எப்படி இருக்கும்? அவர் தன் லாகினில் ஒரு வரி எழுதியதில்லை. அவர் எழுதியதெல்லாம் எங்கள் பெயரில் இருக்கிறது, ஐந்து பேருடைய பெயரில் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார். பக்கத்து இடத்து லிடியாவைக் கேட்டார்கள். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் ஹெட்செட் போட்டிருந்தேன் மேடம், கவனிக்கல என்றாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சாரிப்பா, எனக்கு இன்கிரிமென்ட், அப்ரைசல் எல்லாம் அவர் கையில இருக்கு என்றாள். அவளுக்கும் ஒரு நாள் நகரு என்பார், அந்த நாள் வரட்டும், அவள் தலை நிறைய ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கட்டும். இப்படி நினைக்கக் கூடாது. நினைக்கிறேன். இரவெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன், அவர் வண்டிச் சாவி தொலைவதாக, அவர் எழுந்து பேசும்போது திரை அணைந்துபோவதாக, ஒரு கண்ணாடி அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருக்க வெளியே ஐந்து பேர் நின்று சிரிப்பதாக. அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக நான் கடலைமிட்டாயைக் கடிக்கிறேன், கடக்கென்று சத்தம் கேட்கும்படி.

கவனி. கேள்வியைக் கவனி. ஒரே லாகினைப் பலர் பயன்படுத்தினால் முதன்மையாக எந்தப் பாதுகாப்புத் தன்மை இல்லாமல் போகிறது. ரகசியம். முழுமை. தடையின்றிக் கிடைத்தல். செய்தவர் இன்னார் என்று சொல்ல முடிதல். சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல், மூக்கு வழியாக. இந்தக் கேள்வியை யார் அமைத்தார்களோ. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் வினா அமைத்தவர் பெயர் இருக்கும், எங்கள் அலுவலக வழக்கம், லீட் பதவிக்கு வருகிறவர்கள் கேள்வி வங்கிக்குக் கேள்வி எழுதித் தர வேண்டும், ஆட்சேபணை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமாம். பார்த்தேன். ஃபரீதா. அம்மா தாயே, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், லாகின் பொதுவானால் செய்தவர் யாரென்று சொல்ல முடியாது என்று நீங்களே விடையும் வைத்திருப்பீர்கள், பிறகு யார் லாகின்மா என்று என்னை எப்படிக் கேட்டீர்கள்? நான்காவது விடையை அழுத்தினேன், தேவைக்கு மேல் அழுத்தினேன், மௌஸ் மேசையில் தட்டியது. மேற்பார்வையாளர் இந்த முறை பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொள்கிற மாதிரிச் செய்தேன். இதுவரை நிச்சயமாகச் சரியென்று சொல்ல முடிந்தவை, அரைகுறையாகத் தெரிந்தவை, குருட்டாம்போக்கில் போட்டவை என்று மனசுக்குள் மூன்று குவியல். நிச்சயக் குவியல் எழுபதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் என்று தோன்றுகிறது. காலையில் அம்மா போன் செய்தாள். ஏட்டி, காலேஜு முடிச்ச பொறவுமா ஒனக்குப் பரீட்ச வைக்காவ? ஆமாம்மா, இங்க அப்படித்தான். பாஸாயிட்டா சம்பளம் கூடுமா? கூடும்மா என்றேன். பொய். பாஸானால்தான் வேலையே மிஞ்சும் என்று எப்படிச் சொல்ல. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் நடையாய் நடந்து சான்றிதழ் வாங்கினார் அப்பா, அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார், மஞ்சளாகிவிடக் கூடாதென்று. முதல் பட்டதாரி, முதல் கசிவுக்காரி. அடுத்தது.

அடுத்தது நிரல் கேள்வி. கீழ்க்காணும் நிரல் எதை அச்சிடும். படித்தேன். படித்து முடித்துவிட்டு விடைகளைப் பார்க்கப் போனேன், பாதியில் நின்றேன். திரும்ப மேலே போனேன். பஜ்ஜி என்று இருக்கிறது. ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தில், பஜ்ஜி. பஜ்ஜி மூன்று. போண்டா பூஜ்ஜியம். பஜ்ஜி பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருக்கும்வரை போண்டாவோடு பஜ்ஜியைக் கூட்டு, பஜ்ஜியில் ஒன்றைக் குறை. கடைசியில் போண்டாவை அச்சிடு. கீழே பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தால் வேறு யாருடைய பெயராவது இருக்கும், ஊரில் பஜ்ஜி தின்கிறவர் ஒருவர்தானா, ஒருவேளை எல்லாரும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்களோ, நான்தான் ஒரு ஆளின் மேல் பைத்தியமாகி எங்கு பார்த்தாலும் அவரையே பார்க்கிறேனோ. கண்ணைக் கீழே இறக்கினேன். சாம்பல் நிறப் பொடி எழுத்து. வினா அமைத்தவர்: நிர்மல்குமார். வந்தீரா. வாரும். உம்முடைய லாகினில், உம்முடைய பெயரில், நீரே உட்கார்ந்து, யாரையும் நகரச் சொல்லாமல் எழுதிய ஒரே ஒரு நிரல் உலகத்திலேயே இதுதான், அது என் முன்னால் வந்து நிற்கிறது. கேள்விகளைக் கணினிதான் குலுக்கி எடுக்கிறது, பக்கத்து ஆளுக்கு வருவது எனக்கு வராது. கேள்வி வங்கியில் கிடக்கிற ஆயிரத்தில் இது எனக்கு வந்திருக்கிறது. முருகா என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் இதில் முருகனை இழுப்பது சரியில்லை, நான் நினைப்பது நல்ல நினைப்பு அல்ல. நான் நினைப்பது அவருடைய முகம். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, என்ன நிர்மல் இது பஜ்ஜி என்று ஃபரீதா மேடம் கேட்கும்போது அந்த முகம். அவர் சிரிக்கத் தொடங்கி, யாரும் சேர்ந்து சிரிக்காததைப் பார்த்து, அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் உதட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது வேண்டும் எனக்கு. எழுபதைவிட அது வேண்டும்.

பொறு. விலக்கிப் பார். அவர் என்ன சொல்லுவார்? ஒன்று, அது நான் எழுதியதில்லை என்பார், முடியாது, பெயர் இருக்கிறது, அவருடைய லாகினில் ஏற்றியது. இரண்டு, எல்லாரும் வைக்கிற பெயர்தான் என்பார், அப்படியானால் என்னை ஏன் ஊர்ப்பெயர் சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேட்கலாம். மூன்று. மேடம், அந்தப் பொண்ணு வெச்ச பேர் எங்க டீம்ல ஒரு ஜோக் ஆயிடுச்சு, அதையே சும்மா ஒரு கேள்வியில போட்டேன் என்பார். சொல்லுவார், நிச்சயம் இதைத்தான் சொல்லுவார், கையை விரித்துக்கொண்டு, அந்தப் பழைய சிரிப்போடு. திரும்பவும் சிரிப்பார்கள். நான் திரும்பவும் கடலைமிட்டாய். இதற்கு என்ன பதில்? சரி, விடு, கேள்விக்கு விடை எழுது, பாஸாகு, வீட்டுக்குப் போ. மூன்று, மூன்றும் இரண்டும் ஐந்து, ஐந்தும் ஒன்றும் ஆறு. பிறகு பஜ்ஜி பூஜ்ஜியம், நின்றுவிடும். ஆறு. விடைகளில் மூன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, ஆறு இருக்கிறது, முடிவேயில்லாமல் ஓடும் என்று ஒன்று இருக்கிறது. ஆறு. கேள்வியில் ஒரு குறையும் இல்லை, நல்ல கேள்வி, குழந்தைக்கும் புரியும். எழுதத் தெரியாதவர் இல்லை அவர், அதுதான் இன்னும் எரிகிறது. ஆறை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகக் கை போனது. போகும்போது இன்னொரு முறை அந்தப் பெயரைப் பார்க்கலாம் என்று பார்த்தேன், புண்ணைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிய மாதமும் வருடமும். நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த வருடம். அப்போது எனக்குச் சிறுசேரி என்று ஒரு இடம் இருப்பதே தெரியாது. கோவில்பட்டியிலிருந்து யாரும் வந்து அவருக்குக் கடலைமிட்டாய் கொடுத்திருக்கவில்லை. நான் வைத்த பெயர் என்கிற அந்த மூன்றாவது சாக்கும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன், சிரித்துவிடுவேன் என்று. எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். லீட் ஆவதற்காக ஒரு நாள் அவசர அவசரமாக எழுதி ஏற்றிவிட்டு, அப்படி ஒன்றை எழுதியதையே மறந்துவிட்டார். தான் எழுதுவது தன் பெயரில் எங்கும் பதிவதில்லை என்று பழகிப்போன மனிதர், பதிந்த ஒன்றை எப்படி நினைவில் வைப்பார்?

போனும் பேனாவும் வெளியே லாக்கரில். திரையைப் படம் எடுக்க முடியாது, எழுதிக்கொண்டு போக முடியாது, வெளியே போய்ச் சொன்னால் எந்தக் கேள்வி, ஆயிரத்தில் எங்கே தேடுவது, தேடுவதற்கு முன் அவர் காதுக்குப் போகும், போனால் அது அழிந்துவிடும். இப்போதே, இங்கேயே. வலது மூலையில் ஆட்சேபணை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கேள்வியும் ஆட்சேபணையும் சேர்ந்து நேராகப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும், அமைத்தவருக்குப் போகாது. தேர்வு தொடங்கும் முன் அந்த விதியைத் திரையில் காட்டினார்கள், எல்லாரும் படிக்காமல் ஒப்புக்கொண்டார்கள், நான் படித்தேன், நான் எதையும் படித்துத்தான் ஒப்புக்கொள்வேன், பயந்தவர்களின் குணம் அது. அதே விதியில் இன்னொன்றும் இருந்தது. ஆதாரமற்ற ஆட்சேபணை என்று தீர்மானிக்கப்பட்டால் இரண்டு மதிப்பெண் குறைக்கப்படும். இரண்டு. எழுபதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற குவியலிலிருந்து இரண்டு. கேள்வியில் பிழை இல்லை. பிழை இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். விடை ஐந்து என்று வாதாடலாமா, தொடக்கத்தில் போண்டாவின் மதிப்பு தெளிவாக இல்லை என்று எதையாவது சுற்றிச் சொல்லலாமா, சொல்லிவிட்டு ஓரத்தில் விஷயத்தை வைக்கலாமா? வேண்டாம். அவர்மேல் நான் வைக்கப்போகிற முதல் கல்லிலேயே பொய் இருக்கக் கூடாது, பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவார். பொத்தானை அழுத்தினேன். வினாவில் பிழை, விடையில் பிழை, மொழி தெளிவில்லை, மற்றவை. மற்றவை. கீழே ஒரு சின்னப் பெட்டி. எழுதினேன். இந்த மனிதர் ஒரு பொய்யர். அழித்தேன். இந்த நிரலை எழுதிய அதே கைதான் என் நாற்காலியில் உட்கார்ந்து. அழித்தேன். என் அம்மாவைச் சொல்லிச் சிரித்தீர்களே மேடம். இதை அழிக்க நேரமாயிற்று. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் கரித்தது, ஏசியில் கண் காய்ந்து கரிக்கும். அழித்தேன். மேலே மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கேள்விகள் பாக்கி. பழி என்றால் பெரிதாக, தீப்பிடித்த மாதிரி எழுத வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இந்தப் பெட்டியில் தீ கொள்ளாது. அவருக்குத் தீ வேண்டியதில்லை. அவருக்கு அவரே போதும். எழுதினேன். வினாவில் பிழை இல்லை, விடை ஆறு. இந்த நிரலில் உள்ள பெயர்களையும் அமைத்தவர் பெயரையும் ஏற்றிய வருடத்தையும், விசாரணையில் என்னிடம் காட்டிய தாளோடு வைத்துப் பார்க்கவும். நான் வேலையில் சேர்ந்தது அதற்குப் பிறகு. செண்பகவல்லி. படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. இரண்டு மதிப்பெண். பேப்பர் போட்டுடுங்க செண்பகம். அப்பாவின் லேமினேட் செய்த தாள். போகட்டும், என்ன ஆனாலும் ஃபரீதா மேடம் நிராகரிப்பதற்காவது அதைத் திறந்து பார்த்தாக வேண்டும். பார்த்தால் போதும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே வைத்துப் பார்க்கட்டும்.

மற்றக் கேள்விகளை எப்படி எழுதினேன் என்று சரியாக நினைவில்லை. சொந்தக் கணினியை அலுவலக வலையில் இணைக்கலாமா, கூடாது. வேலையை விட்டுப் போனவரின் லாகினை என்ன செய்வது, அன்றே நிறுத்த வேண்டும், அன்றே, மாலைக்குள், அவர் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குவதற்குள். இந்தக் கேள்வியை மட்டும் ரசித்து எழுதினேன். முடித்தேன் என்று அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றது. மதிப்பெண் வரவில்லை. முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, ஆட்சேபணை பரிசீலனையில் உள்ளது, அழைப்பு வரும்வரை இருக்கையில் காத்திருக்கவும் என்று வந்தது. யார் அழைப்பது? எதற்கு? மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், ஒருவன் பாஸ் என்று முஷ்டியை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். கதவு திறந்து எண்ணெய் வாசனை வந்தது. பார்க்காமலே யாரென்று தெரிந்தது, அதே பஜ்ஜி எண்ணெய். தேர்வு முடியும் நேரத்தில் லீட்கள் வந்து தங்கள் ஆட்களின் முடிவைக் கேட்டுப் போவது வழக்கம். செருப்புச் சத்தம் என் பின்னால் வந்து நின்றது. நாற்காலியின் முதுகில் கை விழுந்தது, அந்தப் பாரம். “என்ன கடலைமிட்டாய், எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் உக்காந்திருக்க? பெயிலா?” நான் திரும்பவில்லை. “ரிசல்ட் வரலயா? என்ன எழுதியிருக்கு அங்க? கண்ணு தெரியல, நகரு, பாக்கறேன்.” உடம்பு எழப்போனது. சத்தியமாக, என் முழங்கால் தானாக விறைத்தது, ஒன்றரை வருடப் பழக்கம், நகரு என்றால் எழ வேண்டும். இரண்டு கைகளாலும் நாற்காலியின் பக்கங்களைப் பிடித்துக்கொண்டேன், ஓடுகிற பஸ்ஸில் பிடிக்கிற மாதிரி. “இது என் லாகின், நிர்மல்.” சிரித்தார். “அட, பேரெல்லாம் சொல்ல வருது! பரீட்சை எழுதினா இவ்வளவு தைரியம் வருமா?” நான் சிரிக்கவில்லை. அறையில் மிச்சமிருந்த மேற்பார்வையாளரும் சிரிக்கவில்லை, அவர் மேசையில் போன் அடித்தது, எடுத்தார், சரிங்க மேடம், இருக்காங்க மேடம் என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். “ஃபரீதா மேடம் கீழே வராங்க. செண்பகவல்லி இடத்திலேயே இருக்கணுமாம். நிர்மல்குமார் இங்க இருந்தா அவரையும் இருக்கச் சொன்னாங்க.” “என்னையா? எதுக்கு?” நிர்மல் கேட்டது என்னைத்தான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் முதுகிலிருந்து ஒரு விரல் எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு பாரம் முழுவதும் எழுந்துபோனது. உட்கார அவர் ஒரு இடம் தேடுவது கேட்டது. நான் அசையவில்லை. எனக்குக் கீழே நாற்காலி சூடாக இருந்தது, தேர்வு தொடங்கியதிலிருந்து நான் மட்டுமே உட்கார்ந்திருந்த சூடு.